அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்

மாணவர்களே, ஜொகூர் பாரு கடலோரத்தில் நின்றால் எதிரே சிங்கப்பூர் தெரியும். சபாவுக்குப் போக தென்சீனக் கடலைத் தாண்ட வேண்டும். ஆனால் அது நம் நாடு. அமெச்சூர் வானொலிப் போட்டியில் இந்தக் கணக்கே வேறு. ஜொகூரிலிருந்து 'சிகியூ வேர்ல்டு வைட்' போட்டியில் கலந்துகொள்பவர் சிங்கப்பூர் நிலையத்தோடு பேசினால் 1 புள்ளி, சபாவோடு பேசினால் 3, பினாங்கோடு பேசினால் 0.

காரணம், போட்டியின் நாட்டுப் பட்டியலில் மேற்கு மலேசியா ஆசியாவில் ஒரு நாடு. கிழக்கு மலேசியா ஓசியானியாவில் இன்னொரு நாடு. கண்டம் மாறினால் 3 புள்ளி.

48 மணி நேரப் போட்டியில் இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பது? தொடர்புகளைப் பதியும் மென்பொருள்தான். அதற்கும் சொந்த அறிவு கிடையாது. 'சிடிஒய்.டேட்' என்ற சாதாரண எழுத்துக் கோப்பைப் படித்து, 9எம்2 என்றால் மேற்கு மலேசியா, 9எம்6 என்றால் கிழக்கு மலேசியா என்று சொல்கிறது. உங்கள் அழைப்புக்குறி, மண்டல எண் போன்றவை வேறொரு அமைவுக் கோப்பில் இருக்கும்.

பலர் இந்தக் கோப்புகளைத் தொடவே பயப்படுகிறார்கள். நண்பரிடமிருந்து வாங்கி அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. சென்னை நண்பரின் கோப்பில் மண்டல எண் 22 என்றிருக்கும்; நம்முடையது 28. மோர்ஸ் போட்டியில் எண்ணை அனுப்புவது கணினி. நீங்கள் கவனிக்காவிட்டால் அது 22 என்றே அனுப்பிக்கொண்டிருக்கும், எதிர்முனையில் இருப்பவரும் அதையே எழுதிக்கொள்வார். உங்கள் கவனக்குறைவு முன்பின் தெரியாத ஒருவரின் பதிவேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நேரமும் அப்படித்தான். பதிவுகள் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். நமக்கு 8 மணி நேரம் பின்னால். மடிக்கணினியின் கடிகாரம் சரியாகக் காட்டினாலும், அதன் நேர மண்டலம் பாங்காக் என்றிருந்தால் எல்லாப் பதிவுகளும் 1 மணி நேரம் பிசகிவிடும். திரையில் ஒன்றும் தெரியாது.

அதற்காகக் கண்டதையும் திருத்தவும் கூடாது. அந்த நாட்டுக் கோப்பில் மேற்கு மலேசியாவின் தீர்க்கரேகை கழித்தல் 102 என்றிருக்கும். நிலவியல் படித்த மாணவருக்குக் கை துறுதுறுக்கும். கிழக்கு தீர்க்கரேகை கூட்டல் அல்லவா? அந்தக் கோப்பில் மேற்குதான் கூட்டல். குறியை மாற்றினால் நம் தீபகற்பம் பசிபிக் கடலில் மிதக்கும்!

மென்பொருளே புதுப்பித்துக்கொள்ளுமே என்பீர்கள். சிறப்பு அழைப்புக்குறிகள் வந்துகொண்டே இருப்பதால் புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் போட்டி நாள் காலையில் வேண்டாம். சில நாள்களுக்கு முன்பே செய்யுங்கள். பழைய கோப்பைத் தேதியிட்ட பெயரில் நகலெடுத்து வையுங்கள். எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மன்றத்துக்கு ஒரே கணினி என்றால் இது இன்னும் அவசியம். நேற்று யார் எதை மாற்றினார் என்று போட்டி நடுவே விசாரிக்க முடியாது.

குரல் போட்டி அக்டோபர் கடைசி வார இறுதியில், நமக்குச் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. ஒலிபரப்ப உரிமம் வேண்டும். நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்து மலேசியா எங்கே என்று தேட எந்த உரிமமும் வேண்டாம்.