சிப்பாய் பொம்மைக்கு என்ன துணி போட்டிருக்கீங்க?

முதல்லயே என் கட்சியைச் சொல்லிடறேன். குட்டிச் சிப்பாய் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பலர், எல்லாச் சிப்பாய்க்கும் ஒரே துணியைத்தான் போட்டு விடறாங்க.

வழக்கமான வழி தெரிஞ்சதுதான். அடிப்படை நிறம் ஒரு கோட். அது மேல தண்ணியா கரைச்ச கரும்பழுப்பு ஓடவிடணும், பள்ளத்துல போய்த் தங்கும்; இதுக்குப் பேர் வாஷ். அப்புறம் பெயின்ட்டைத் துடைச்சுட்டு, காய்ஞ்ச பிரஷ்ஷால மேட்டுல ஒரு தேய்ப்பு. இது டிரை பிரஷ். 1970, 80களில் பெல்ஜியத்துக்காரர் ஃபிரான்சுவா வெர்லிண்டன் பிரபலமாக்கின முறை. டாங்கிக்கு அருமையான வழி. ஆனா துணி இரும்பு இல்லையே!

மடிப்புக்கு ஏன் நிழல் வரையணும், பொம்மையிலேயே செதுக்கித்தானே இருக்குன்னு கேட்கலாம். கணக்கு போட்டுப் பாருங்க (காமர்ஸ் புத்தி, மன்னிக்கவும் :-)). 1/72 அளவுல 6 அடி ஆள் சுமார் 25 மி.மீ. உயரம். நிஜக் கோட்டுல 3 செ.மீ. ஆழமுள்ள மடிப்பு இங்கே 0.4 மி.மீ. அச்சுல வார்க்கும்போது இன்னும் கொஞ்சம் மழுங்கிடும். நாம பார்க்கிறதும் வெயில்ல இல்ல, நாலாபக்கமும் பரவுற ட்யூப் லைட்டுல. நிழல் தானா தெரியாது. நாமதான் வெளிச்சத்தையும் சேர்த்து வரையணும்.

சரி, எப்படி வரையறது? இங்கதான் துணி முக்கியம்.

1942 எல் அலமெய்ன்ல பிரிட்டிஷ் சிப்பாய் போட்டிருந்தது பருத்திக் காக்கி. 1944 நார்மண்டியில அதே ராணுவம் போட்டிருந்தது கம்பளி செர்ஜ். நம்ம வீட்டுக் காட்டன் சட்டையையும் கம்பளிப் போர்வையையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாருங்க. பருத்தி பொடிப்பொடியா, கூர்மையா மடங்கும்; விளிம்புல வெளிச்சம் கோடு மாதிரி நிற்கும். கம்பளிக்கு மடிப்பு கம்மி, ஆனா தடிமன். விளிம்பு உருண்டை. வெளிச்சம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், பளிச்சுன்னு வராது. ரெண்டுக்கும் ஒரே வாஷ் ஊத்தினா ரெண்டும் கம்பளி ஆயிடும்.

மடிப்பு எங்கே பிறக்குதுன்னும் கவனிக்கணும். இழுபடற இடத்துலதான்: அக்குள், வளைஞ்ச முழங்கை, முட்டி, பெல்ட்டுக்கு மேலயும் கீழயும். அங்கிருந்து விசிறி மாதிரி விரியும். துப்பாக்கி தூக்கின கைக்கும் தொங்கவிட்ட கைக்கும் ஒரே மடிப்பு வராது. லியோனார்டோ டா வின்சி களிமண் உருவங்கள் மேல ஈரக் களிமண்ணுல தோய்ச்ச துணியைப் போர்த்தி வரைஞ்சு பழகினார்னு வசாரி எழுதியிருக்கார். அவரே உட்கார்ந்து பார்த்திருக்கார், நாம கண்ணாடி முன்னாடி ஒரு நிமிஷம் கையை மடக்கிப் பார்த்தா குறைஞ்சா போயிடுவோம்?

நிறத்துலயும் ஒரு சோம்பேறித்தனம் இருக்கு: நிழலுக்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளை. 1815 வாட்டர்லூ பிரிட்டிஷ் சிப்பாயோட சிவப்புக் கோட்டுல வெள்ளையைக் கலந்தா ரோஸ் கலர்ல வந்து நிப்பான். ஆரஞ்சு இல்லன்னா தோல் நிறம் கலக்கணும். நிழலுக்குச் சிவப்போட கரும்பழுப்பு. சாதாரணச் சிப்பாய் கோட்டுக்கு மஞ்சிட்டிச் சாயம், அதனால செங்கல் சிவப்பு. அதிகாரிக்குத்தான் பளீர் சிவப்பு. அந்த வித்தியாசமே ஒரு கதை சொல்லுது.

"நூறு பொம்மை வச்சு விளையாடறவன் இதெல்லாம் பார்த்துட்டு இருக்க முடியுமா?"ன்னா, நியாயம்தான். மூணு அடி தள்ளிப் பார்க்கிற படைக்கு வாஷ் போதும். அப்பவும் பருத்திக்கு லேசா, கம்பளிக்கு அடர்த்தியா ஊத்தலாமே.

ஏன் இவ்வளவு அலட்டிக்கணும்? துப்பாக்கி மாடலையும் பட்டன் எண்ணிக்கையையும் சரிபார்த்துச் சண்டை போடறோம். ஆனா ஜூன் மாசத்துல கம்பளியைப் போட்டுக்கிட்டு, மூட்டையும் சுமந்துக்கிட்டு நடந்தவன் ஒரு மனுஷன். அந்தத் துணியோட கனம் தெரியலன்னா, நாம பெயின்ட் அடிச்சது துப்பாக்கிக்கு மட்டும்தான். ஆளுக்கு இல்ல.

நீங்க வாஷ் கட்சியா, துணிக் கட்சியா? சொல்லுங்க, சண்டை போடலாம்.