எழுந்த பாறை

ஆற்றில் மிதந்து செல்லும் சருகு எத்திசை நோக்கிப் போகிறது என்று வினவினால், சிறு குழந்தையும் விரல் நீட்டிக் காட்டிவிடும். அதற்குக் கல்வி வேண்டா, கணக்கும் வேண்டா. ஆதலால், பொருள் செல்லும் திசையைக் கண்ணே நேராகக் கண்டு சொல்லிவிடுகிறது என்று பலரும் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது.

ஸ்காட்லாந்து நாட்டில் ஃபாயர்ஸ் என்னும் அருவி உண்டு. 1834-ஆம் ஆண்டில் இராபர்ட் ஆடம்ஸ் என்பவர் அவ்வருவியின் ஓரிடத்தையே சில நொடிகள் இமையாது நோக்கினார்; பின்னர் அருகில் இருந்த பாறையின்மேல் விழியைத் திருப்பினார். என்ன வியப்பு! அசையாப் பாறை மேல்நோக்கி எழுவதுபோல் தோன்றிற்று. எழுகிறது, ஆயினும் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை!

இதனைக் கண்ணின் பிழை என்று தள்ளிவிடுவோர் உளர். அங்ஙனம் தள்ளுதல் தகாது. கீழ்நோக்கிய இயக்கத்தை அறிவதற்குச் சில நரம்பணுக்களும், மேல்நோக்கிய இயக்கத்தை அறிவதற்கு வேறு சிலவும் உள்ளன. அசையாப் பொருளைக் காணுங்கால் இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகள்போல் ஒத்து நிற்கும். வீழும் நீரையே நோக்கிக்கொண்டிருந்தால், கீழ்த்திசைக்கு உரிய அணுக்கள் தளர்ந்துவிடுகின்றன, மற்றைத் தட்டின் கை ஓங்குகிறது, பாறை எழுகிறது. 1963-இல் பார்லோ, ஹில் என்னும் அறிஞர் இருவர் முயலின் விழித்திரையில் இத்தகைய தளர்ச்சியைக் கண்டறிந்தனர். மனிதரிடத்தில் இப்பணியின் பெரும்பகுதி மூளையிலேயே நிகழ்கிறது. ஆகவே, திசை என்பது கண் கண்ட காட்சி அன்று. மூளை கூறும் தீர்ப்பு. பாறை எழுந்த அச்சிறு மயக்கமே அத்தீர்ப்பு உருவாகும் முறையைக் காட்டிக்கொடுத்தது. பிழை என்று இகழப்படுவது உண்மையில் ஒரு சாளரமாகும்.

அத்தீர்ப்பு இல்லையெனில் வாழ்வு என்னாகும்? மூளையின் பின்பகுதி இருபுறமும் பழுதுற்ற ஒரு பெண்மணியைப் பற்றி ஜெர்மன் அறிஞர் சிலர் 1983-இல் எழுதினர். அவருக்கு நிறம் தெரிந்தது; உருவம் தெரிந்தது; இயக்கம் மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்த பனிபோல் நின்றது. கோப்பை நிறைவதைக் காண இயலாமையால், எப்போது நிறுத்துவது என்று அவர் அறியார். தெருவைக் கடப்பதோ பெருந்துன்பம். தொலைவில் நின்ற கார் அடுத்த கணமே அருகில் இருக்கும். இடையில் அது வந்ததை அவர் கண்டிலர். வண்டியின் ஒலி பெருகுவதைச் செவியால் கேட்டு, அது எவ்வளவு நெருங்கிவிட்டது என்று கணிக்க அவர் சிறிது சிறிதாகப் பழகிக்கொண்டார்.