பௌர்ணமியும் தவணைத் தேதியும்

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் இளநீர், பூ, கற்பூரம், தேநீர் விற்போரின் வருவாய் ஆங்கில மாதத்தைப் பின்பற்றுவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடியக் கூட்டம் நடக்கும் பௌர்ணமி இரவிலும், கார்த்திகை தீப நாட்களிலும்தான் பெரும் வரவு; மற்ற நாட்களில் கைச்செலவுக்குக் கிடைத்தால் உண்டு. வங்கித் தவணையோ மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து ஒரே தேதியில் நிலைநிறுத்தப்படுகிறது. இரு பௌர்ணமிகளுக்கு இடையே சுமார் 29½ நாட்களே இருப்பதால், முதலில் பௌர்ணமிக்கு மறுநாள் அமைந்த தவணைத் தேதி ஓராண்டில் ஏறக்குறைய 11 நாள் பின்தங்கி, இரண்டாம் ஆண்டு முடிவில் அடுத்த பௌர்ணமிக்குச் சரக்கு எடுக்கும் வாரத்தில் வந்து விழுகிறது. அப்போது கணக்கில் பணம் இல்லாவிட்டால் அபராதம். தாமதமோ கடன் வரலாற்றில் பதிந்துவிடும்.

2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தால் கணக்கும், 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தால், காகித அளவிலேனும், பிணையில்லாக் கடனும் சிறு வணிகரை எட்டிவிட்டன. ஆயினும் தண்டல்காரர் மறையவில்லை. தண்டல் என்பது வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, மீதத்தைக் கொடுத்து, நாள்தோறும் வசூலிக்கும் கடன்: 10,000 ரூபாய்க்குக் கையில் 9,000 பெற்று, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டினால், ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். தமிழக அரசின் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் அது நீடிப்பதை அறியாமை என்று ஒதுக்குவது வசதியான விளக்கமே தவிர, சரியான விளக்கமன்று. சரக்கு எடுக்கும் நாளில் பணம் தருபவரும், விற்பனை நடக்கும் இடத்திற்கே வந்து வாங்கிக்கொள்பவரும் தண்டல்காரர்தான்.

வருவாயின் காலத்தோடு கடனைப் பொருத்துவது வங்கிகளுக்குப் புதிதன்று. 1998-இல் அறிமுகமான விவசாயிகள் கடன் அட்டையில் திருப்பிச் செலுத்தும் காலம் அறுவடையை ஒட்டியே அமைகிறது. பொதுவாகக் கடன்கள் 90 நாள் நிலுவையில் வாராக்கடனாக, குறுகிய காலப் பயிர்களுக்கான கடனுக்கோ இரு பருவங்கள் வரை பொறுத்திருக்கிறார்கள். நெல்லுக்குக் காட்டும் பொறுமையை இளநீருக்கு ஏன் காட்டக்கூடாது? வரவு நிலையற்றது என்ற பழைய மறுப்பும் இன்று வலுவிழந்துவிட்டது. கடை முகப்பில் ஒட்டிய கியூஆர் அட்டைவழி வரும் பணம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி உயர்ந்து தாழும் விற்பனையை வங்கிக் கணக்கிலேயே பதிவு செய்கிறது. ரொக்க விற்பனை அதில் அடங்காது என்பது உண்மை. ஆனால் வரவின் ஒழுங்கை அறிய அந்தப் பதிவே போதும்.

திட்ட எல்லைகளும் இடையூறு செய்தன. 2020-இல் வந்த சாலையோர வணிகர் கடன் திட்டமான பிரதமர் ஸ்வநிதி, நகர எல்லைக்குள் விற்போருக்கென வகுக்கப்பட்டது. ஒரே கிரிவலப் பாதையில் நகராட்சிப் பகுதியில் கடை போட்டவர் தகுதி பெற, ஊராட்சிப் பகுதியில் போட்டவர் வெளியே நின்றார்.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கான பிணையில்லா நுண்கடனில், கடன் பெறுவோரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை நெகிழ்த்த ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வகுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சிலேயே நெறிமுறை வெளியிட்டுவிட்டது. ஆகவே புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்டத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி, கிரிவலப் பாதை வணிகரின் தவணையைப் பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் என்று வைப்பதிலிருந்து தொடங்கலாம்.