செவியறிவுறூஉ யாருடைய செவிக்கு?

பழந்தமிழ் இலக்கியத்தில் பொருளியல் சிந்தனை என்னும் பொருளில் நடக்கும் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அவற்றில் வாசிக்கப்படும் கட்டுரைகளின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. குறளில் நிதிநிர்வாகம் இருந்தது, பட்டினப்பாலையில் சுங்கத்துறை இருந்தது, புறநானூற்றில் வரிக்கொள்கை இருந்தது என்று பட்டியலிடுவர். ஆடம் ஸ்மித்துக்கு முன்பே தமிழரிடம் எல்லாம் இருந்தது என்று முடிப்பர். 'இருந்தது' என நிறுவியதும் ஆய்வு நின்றுவிடுகிறது. அந்தச் சிந்தனை இன்றைய சமூகத்தைப் பார்த்து என்ன கேட்கிறது என்னும் வினா எழுவதில்லை.

புறநானூற்றின் 184ஆம் பாடலைக் காண்க. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறியது அது. நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்தின் விளைவுகூட யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் இறங்கினால் அதன் வாய் உண்பதைவிடக் கால் அழிப்பதே மிகும் என்பது கருத்து. ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில் வரிவிதிப்புக்கு நான்கு நெறிகளை வகுத்தார். கருவூலத்தில் சேர்வதற்கு மேல் மக்களிடமிருந்து இயன்றவரை குறைவாகவே வெளியேற வேண்டும் என்பது நான்காவது நெறி. கருத்து ஒற்றுமை உண்மையே. ஆயினும் பாடலின் உயிர் அந்த ஒற்றுமையில் இல்லை. அதன் துறை செவியறிவுறூஉ. பேசுபவர் புலவர், கேட்க வேண்டியவன் அரசன். அந்த முன்னிலையை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் உவமை.

2019 ஜூலை 5 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் வரவுசெலவுத் திட்ட உரையில் இப்பாடலை எடுத்துக்காட்டினார். தமிழுக்குக் கிடைத்த பெருமை என்று அது கொண்டாடப்பட்டது. அரசனுக்கு உரைத்த இடித்துரையை அரசே எடுத்துக் குடிகளுக்கு உரைக்கிறது. பாடலின் திசையே மாறிவிட்டதைக் கொண்டாடியவர்கள் கவனிக்கவில்லை. அந்த உரையிலேயே இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உடையோருக்கு மேல்வரி உயர்த்தப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று, பிற வரிச்சலுகைகளைக் கோராத உள்நாட்டு நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெருநிறுவனங்களுக்கு அதற்கு முன் அது 30 விழுக்காடு. இத்தகைய சலுகைகளால் ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. யானை எந்த வயலின் வரப்பில் நின்றுகொண்டது, எந்த வயலில் இறங்கியது என்று கேட்டிருக்க வேண்டியது தமிழ் ஆய்வுலகம்.

அந்த வினாவுக்கு விடை தேட வேலந்தாவளம் தக்க இடம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். சோதனைச்சாவடியாலேயே வெளியூரார் பலரும் அதன் பெயரை அறிவர். பெரும்பாணாற்றுப்படை மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் செல்லும் சுங்கப் பெருவழியைக் காட்டுகிறது. பட்டினப்பாலை பொதிகளில் புலிச்சின்னம் பொறிப்பவரைக் காட்டுகிறது. எல்லைச்சாவடி அந்த மரபின் தொடர்ச்சி. சாவடிகளில் இலஞ்சமும் காத்திருப்பும் மலிந்திருந்தன என்பது மெய்யே. எனினும் கொள்பவர் யார், கொடுப்பவர் யார் என்பது அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனை முடிவுக்கு வந்தது. வரி முடிவுக்கு வரவில்லை. அது சாலையை விட்டுப் பொருளின் விலைக்குள் குடிபுகுந்தது.

சித்தூர் வட்டத்தின் வறண்ட கிழக்குப் பகுதியில் காய்கறி பயிரிடும் உழவரின் நிலையைக் கருதுக. அவர் விற்கும் காய்கறிக்கு வரி இல்லை. வாங்கும் இரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு 18 விழுக்காடு, உரத்துக்கு 5 விழுக்காடு வரி உண்டு. பதிவுபெற்ற வணிகர் கொள்முதலில் செலுத்திய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்கிறார். உழவருக்கு அந்தக் கழிவு கிடையாது. அவருடைய விளைபொருள் வரிவிலக்குப் பெற்றது என்பதே காரணம். விலையைத் தாமே வகுக்கும் ஆற்றலும் அவருக்கு இல்லை. விலக்கு என்னும் சொல் அருளாக ஒலிக்கிறது. கணக்கில் அது சுமையாக நிற்கிறது.

அரிசியின் கதையும் இதுவே. 2022 ஜூலை 18 முதல், உறையிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. சில்லறையாக அளந்து விற்கும் அரிசிக்கும் வரி இல்லைதான். ஆனால் மொத்தமாக வாங்கும் கையிருப்பு உள்ளவர் வரியைத் தாண்டிச் செல்ல, கூலி கிடைத்த நாளில் ஐந்து கிலோ பை வாங்குபவர் செலுத்திவிட்டுப் போவது என்ன நீதி? அவரவர் ஆற்றலுக்கு ஏற்பவே வரி என்பதல்லவா ஸ்மித்தின் முதல் நெறி?

வரியே கூடாது என்பது வாதமன்று. பள்ளியும் மருத்துவமனையும் நியாயவிலைக் கடையும் வரியால்தான் நிற்கின்றன. குறளின் இறைமாட்சி அதிகாரம் பொருள் ஈட்டுவதையும் காப்பதையும் கூறுவதோடு, வகுத்து அளிப்பதையும் அரசின் கடமையாக வைக்கிறது. யாரிடம் எடுத்து யாருக்கு வகுக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வுரிமையைக் கைவிட்டுப் பழம்பெருமையை மட்டும் பேணும் ஆய்வு, அரசவைக்கு அணிகலன் செய்து கொடுக்கும் வேலையாகிவிடும்.

ஆய்வு உதவித்தொகையும் கருத்தரங்க நிதியும் அந்த ஐந்து கிலோ பையின் வரியிலிருந்தும் வருகின்றன. 184ஆம் பாடலைப் பற்றி இனி எழுதப்படும் கட்டுரை ஒவ்வொன்றும் ஒரு கூலிக் குடும்பத்தின் ஓராண்டு வரிக்கணக்கையாவது உடன் வைக்கட்டும். அந்தக் கணக்கை ஆள்பவரின் செவிக்குக் கொண்டு சேர்ப்பதே இன்றைய செவியறிவுறூஉ.