தண்ணி ஒத்துக்கேல்லையாம்

பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுறவ, இரண்டு வருசத்துக்கு முன் செப்டெம்பரில் மாஸ்டேர்ஸ் படிக்க இங்கிலாந்துக்குப் போனா. போன புதிதில் வீடியோ கோலில் குசினி, பஸ், அணில் எல்லாம் காட்டினா. நவம்பர் முடிய முன் முகம் மட்டும்தான் தெரிந்தது. தைப்பொங்கலுக்கு கமராவே போடவில்லை. "நெற் சரியில்லை" என்றா. லண்டனுக்குக் கிட்ட நெற் சரியில்லையாம், கொக்குவிலில் எங்களுக்கு நல்லாத்தான் இருக்குதாம். நாங்களும் நம்பினோம்.

விசயம் என்னவென்றால் அவவுக்கு மேல் கடித்தது. முதலில் விரல் இடுக்கு, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை மடிப்பு. தோல் வெடித்து, சவர்க்காரம் பட்டால் எரியும். அதோடு வேறொன்றும் சேர்ந்தது: இரவில் தொடையிலும் வயிற்றிலும் திடீரென்று பெரிய பெரிய தடிப்பு எழும்பும், விடியப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆருக்குக் காட்டுவது? காட்டப் போனால் காட்ட ஒன்றுமில்லை.

இதை அவவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாதை, மிச்சம் எல்லாம் எழுது" என்றா.

பெரியம்மாவுக்குத் தெரிய வந்த அன்று எங்கட வீட்டில் ஒரு மருத்துவ மாநாடே நடந்தது. அம்மா, "தண்ணி ஒத்துக்கேல்லை" என்றா. அம்மம்மா, "கண்ணூறு. போகேக்குள்ள அவ்வளவு சனத்தைக் கூப்பிட்டு விருந்து வைச்சால்?" என்றா. மாமா, "அங்க போய்க் கண்ட கண்ட பெட்டிச் சாப்பாடு" என்றார். கிரந்திச் சாப்பாட்டுப் பட்டியல் ஒன்று வட்சப்பில் போனது: கத்தரிக்காய், இறால், நண்டு, அன்னாசி வேண்டாம். பிள்ளை அங்கே பாணும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறாள், இவையள் நண்டை மறிக்கினம்.

எல்லாம் முடிந்த பிறகு பெரியம்மா மெல்லச் சொன்ன ஒரு வசனம்தான் எனக்கு இன்னும் போகவில்லை. "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நாளைக்குப் பேச்சுக்கால் வந்தா..."

நான் புவியியல் படிக்கிறேன். அதனால் அம்மாவின் "தண்ணி" என்ற சொல்லைச் சும்மா விட முடியவில்லை. லண்டனும் அதைச் சுற்றியுள்ள இடங்களும் சோக் எனப்படும் வெண்மையான சுண்ணக்கல்லின் மேலும் அதை அண்டியும் கிடக்கின்றன. அந்தப் பாறைக்குள்ளால் வரும் தண்ணீர் வன்னீர். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். சரி, யாழ்ப்பாணம் எதன் மேல் கிடக்கிறது? அதுவும் சுண்ணக்கல்தானே. எங்கட கிணற்றுத் தண்ணியும் வன்னீர்தான். எங்கட கேத்திலுக்குள்ளும் அதே வெள்ளைதான். இருபத்தைந்து வருசம் வன்னீரில் குளித்தவவுக்கு அங்கே போனதும் வன்னீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், வேறு ஏதோ சேர்ந்து நடந்திருக்கிறது.

அதற்காக அம்மா சொன்னது முழுக்க விசர்க்கதையும் இல்லை. வன்னீர் உள்ள இடங்களில் வாழும் மூன்று மாதக் குழந்தைகளில் எக்சிமா கூடுதலாகக் காணப்படுகிறது என்று இங்கிலாந்தில் 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதற்கு முன்பே, 2011 இல், எக்சிமா உள்ள 336 பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்திருந்தார்கள். சிலர் வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டினார்கள், சிலர் வீட்டில் இல்லை. பன்னிரண்டு கிழமை முடிய, இயந்திரத்தால் மேலதிக நன்மை ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் ஒரு காரணமாக இருக்கலாம், அதை மாற்றினால் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் எங்கட ஆக்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒன்றைச் சொல்லு, தண்ணியா இல்லையா?

என்னைக் கேட்டால் தண்ணீரை விடக் காற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பூச்சியம் பாகையில் ஒரு கன மீற்றர் காற்று பிடித்து வைத்திருக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 5 கிராம்தான். அந்தக் குளிர்காற்று வீட்டுக்குள் வந்து, ஹீற்றரில் 20 பாகைக்குச் சூடாகிறது. 20 பாகையில் அதால் 17 கிராம் பிடிக்க முடியும். உள்ளே இருப்பதோ அதே 5. அதாவது சாரீரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஒரு சாதாரண நாளில் எங்களைச் சுற்றியிருக்கும் காற்றில் கன மீற்றருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அதற்குள் வளர்ந்த தோலை ஒரே மாதத்தில் கொண்டுபோய் இந்த வறட்சிக்குள் வைக்கிறோம். காற்று தோலிலிருந்து ஈரத்தை இழுக்கும். குளிருக்காக அரை மணித்தியாலம் கொதி சுடுதண்ணியில் நின்றால் தோலில் மிஞ்சியிருக்கும் எண்ணெய்த் தன்மையும் போகும். காய்ந்த தோல் கடிக்கும். சொறிந்தால் உடையும். உடைந்த தோலுக்குள்ளால் சவர்க்காரம், வாசனைத் திரவியம், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் சுகமாக உள்ளே போகும். நல்லெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கச் சொன்னா அம்மம்மா. டிசம்பரில், இங்கிலாந்தில், வெயில்!

ஆனால் இவ்வளவு காலநிலையையும் விளங்கப்படுத்தின பிறகும் நான் ஒரு விசயத்தைக் கேட்கவே இல்லை. அக்கா என்ன வேலை செய்யிறா?

மாணவர் விசாவில் பாடநெறி நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அக்கா அந்த 20 மணித்தியாலத்தையும் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தா. ஒவ்வொருவரையும் பராமரிக்க முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், அல்லது சனிற்றைசர். கையுறை போட, கழற்ற, திரும்பக் கழுவ. ஒரு ஷிப்டில் நாற்பது ஐம்பது தடவை. ஈரத்திலே கை கிடக்கிற வேலை செய்கிறவர்களுக்குக் கையில் எக்சிமா வருவது உலகம் முழுக்கத் தெரிந்த விசயம். தாதியர், சலூன்காரர், சமையல்காரர், துப்புரவு செய்கிறவர்கள். இவர்களுக்கு வருவதற்குப் பெயர் தொழில்சார் நோய். கண்ணூறு இல்லை.

அவ ஏன் மனேஜரிடம் சொல்லவில்லை? காணி ஈட்டில் இருக்கிறது. கையுறை கடிக்குது என்று சொன்னால் ஷிப்டைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். டொக்டரிடம் ஏன் போகவில்லை? "காசு கேப்பினம் எண்டு நினைச்சன்" என்றா. இதைத்தான் இங்கிலாந்து போகும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் விசாவுக்கு வருசத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் என்று முதலே வாங்கிவிடுகிறார்கள். குடும்ப டொக்டரைப் பார்ப்பதற்கான காசை நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே கட்டிவிட்டீர்கள். ஏஜென்சிக்காரர் அந்தக் காசை வாங்கும்போது காட்டிய அக்கறையில் பாதியை, அது எதற்கு என்று சொல்வதில் காட்டியிருக்கலாம்.

டொக்டருக்குப் பதிலாகப் போனது ஒரு ரியூப். ஆரோ பயணம் போறவையிடம் பெரியம்மா கொடுத்து விட்டா. இங்கே பாமசியில் துண்டு இல்லாமல் வாங்கினது, ஸ்ரெரொயிட்டும் பங்கசு மருந்தும் அன்ரிபயோட்டிக்கும் ஒன்றாகக் கலந்தது. பூசி மூன்றாம் நாள் கை பளிங்கு. பெரியம்மா கோவிலில் அர்ச்சனை செய்தா. ரியூப் முடிந்து பத்து நாளில் முந்தியதை விட மோசமாகத் திரும்பி வந்தது. பிறகு இன்னொரு ரியூப்.

ஸ்ரெரொயிட் கிறீம் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. எக்சிமாவுக்கு டொக்டர்மார் கொடுப்பதும் அதுதான். எவ்வளவு வலுவானது, எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். அது பங்கசாக இருந்தால் ஸ்ரெரொயிட் மேலால் மறைத்துவிட்டு உள்ளே பரவ விடும். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். எங்கட ஊரில் இதே ரியூப்பை வெள்ளையாக வரவும் பூசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஓ.எல். எழுதின வருசம் நானும் பூசினேன்.

அக்கா கடைசியில் டொக்டரிடம் போனது வீட்டுக்காரப் பெட்டையளால். ஐந்து பேர் இருந்த வீடு. "உனக்கு ஸ்கேபீஸ், எங்களுக்கும் தொத்தும்" என்று அவளின் உடுப்பைத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன விதம் பிழை, ஆனால் சந்தேகம் நியாயமானது. நெருக்கமாக இருக்கும் வீடுகளில் சிரங்குப் பூச்சி இலகுவாகத் தொற்றும். முதல் தடவை தொற்றினால் கடி தொடங்கவே நான்கு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும் என்பதால் எங்கே தொற்றியது என்றும் பிடிபடாது. விரல் இடுக்கில் கடி, இரவில் கூட, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் "அலர்ஜி" என்று மாதக்கணக்கில் இருக்காமல் காட்ட வேண்டும். அது பூச்சு மருந்தில் மாறுகிற விசயம், வீட்டில் எல்லாரும் ஒன்றாகப் பூச வேண்டும். வெட்கத்தால்தான் அது வளருகிறது. அக்காவுக்கு அது இருக்கவில்லை.

டொக்டர் சொன்னது இரண்டு. கையில் இருப்பது எக்சிமா, எங்கட ஆக்கள் கரப்பன் என்பது. இரவில் எழும்பி மறைவது வேறு ஒன்று, அட்டிகேரியா. ஆறு கிழமைக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்டது என்கிறார்கள். தமிழில் இதற்குக் காணாக்கடி என்று ஒரு சொல் இருக்கிறது. கடித்தது எது என்று காணவில்லை. இதை விடச் சரியாக அந்த நோயைச் சொல்ல முடியாது, ஏனென்றால் நாட்பட்ட காணாக்கடியில் பெரும்பாலும் வெளியில் இருந்து வரும் காரணம் எதுவும் அகப்படுவதே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தானாகவே தோலுக்குள் ஹிஸ்ரமினை அவிழ்த்து விடுகிறது. சாப்பாடு மிக அரிதாகத்தான் காரணம். அக்கா அதற்குள் நான்கு மாதம் இறால், முட்டை, தக்காளி எல்லாம் விட்டு ஏழு கிலோ மெலிந்திருந்தா.

கைக்குப் பற்ச் ரெஸ்ட் செய்ய ஒன்பது மாதம் காத்திருந்தா. முதுகில் சின்னச் சின்னப் பொட்டாக மருந்து ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் இருந்து, கழற்றிப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். எங்கட தோலில் சிவப்பு வடிவாகத் தெரியாது. அக்காவைப் பார்த்த தாதி கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலால் தடவித் தடவிப் பார்த்தவவாம். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. புத்தகத்தில் எக்சிமா என்றால் சிவப்பு, ஆனால் அந்தப் படங்கள் வெள்ளைத் தோல். எங்களில் அது சாம்பலாக, ஊதாவாக, கறுப்பாகத் தெரியும். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் இதைக் கேட்டார்: என்னைப் போன்றவர்களின் தோலில் இது எப்படித் தெரியும்? பதில் கிடைக்காததால் தன் விரிவுரையாளர்கள் இருவரோடு சேர்ந்து 2020 இல் 'மைண்ட் த கப்' என்ற கைநூலை வெளியிட்டார். அப்போது அவரும் எங்களைப் போல ஒரு அண்டர்கிராஜுவேற்தான்.

ரெஸ்டில் பொட்டொன்று தடித்திருந்தது. கையுறையின் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஒரு இரசாயனம். இல்லத்தில் வேறு வகைக் கையுறை கொடுத்தார்கள். ஷிப்ட் குறையவில்லை. கை மூன்று மாதத்தில் ஓரளவு மாறியது. காணாக்கடிக்குக் காரணம் இன்றுவரை தெரியாது. குளிசை போட்டா, கிட்டடியில் தானாகவே குறைந்துவிட்டது. நாளைக்குத் திரும்ப வரலாம், வராமலும் விடலாம்.

ஆவணி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். நுளம்பு கடித்துக் காலெல்லாம் வீங்கும், முதுகு முழுக்க வேர்க்குரு. அப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? போத்தல் தண்ணி வாங்கிக் கொடுக்கிறோம், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்புகிறோம், "பாவம் பிள்ளை, பழக்கமில்லை" என்கிறோம். கண்ணூறு என்றோ ஆருக்கும் சொல்லாதே என்றோ அவர்களின் தாய்க்கு ஒருவரும் சொல்வதில்லை. அதே இரக்கம் இங்கிருந்து போன பிள்ளைக்கு ஏன் இல்லை? போனவள் உழைக்க வேண்டும், காணி மீட்க வேண்டும், வடிவாகப் படம் போட வேண்டும். அவளின் தோல் குழம்பினால் எங்கட கணக்குக் குழம்புகிறது. காரணம் தெரியாது என்று டொக்டர் சொன்னால், அந்த வெற்றிடத்துக்குள் உடனே அவளைத் தூக்கி வைக்கிறோம்: அவளின் சாப்பாடு, அவளின் குளிப்பு, அவளின் விதி. "தெரியாது" என்பதும் ஒரு பதில் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

போன கிழமை பெரியம்மா திரும்பவும் ஒரு பொதி கட்டினா. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி. அடியில் சீலைத் துண்டில் சுற்றி இரண்டு ரியூப். "திரும்ப வந்தா உதவும்" என்றா. நான் நிறை பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கி, அந்த இரண்டையும் எடுத்து என்ர மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பக்கெற் பருத்தித்துறை வடை வைத்தேன். பெரியம்மா இதை வாசிக்க மாட்டா என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.