மலிவுச் சீட்டு யாருக்கு மலிவு?

ஹைதராபாத்தில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் குவாஹாட்டியில் நடைபெறும் இரண்டு நாள் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க விரும்பினால், இரயிலில் போகவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். திரும்பி வரவும் அவ்வளவே. எனவே அவர் விமானத்தை நாடுவது ஆடம்பரம் அன்று. அவரது வரவு என்ன? மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதி பெறாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப். பெறும் சமூக அறிவியல் மாணவருக்குங்கூட முதல் இரண்டு ஆண்டுகளுக்கான கண்டிஜென்சி நிதி ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். ஒரே பயணம் அதை விழுங்கிவிடக்கூடும்.

இந்தியாவில் மலிவு விமானச் சேவை 2003இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானோடு தொடங்கியது. உணவு முதலியவற்றைப் பயணக் கட்டணத்திலிருந்து பிரித்தெடுப்பதே அதன் வழிமுறை. அந்நிறுவனம் கிங்ஃபிஷரோடு இணைந்து மறைந்தது, வழிமுறை நிலைத்துவிட்டது. ஆகவே திரையில் முதலில் தோன்றும் தொகையைத் தொடக்க விலையாக மட்டுமே கொள்ள வேண்டும். இருக்கைத் தேர்வு, உணவு, காப்பீடு, கூடுதல் எடை, இணையவழிப் பதிவுக் கட்டணம் ஆகியவை அதன்மேல் ஏறுகின்றன.

இவற்றுள் பலவற்றைத் தவிர்க்க இயலும். இருக்கைக்குப் பணம் செலுத்தாதவருக்கும் இருக்கை உண்டு. நிறுவனமே ஒன்றை ஒதுக்கும். செக்-இன் பெட்டிக்கு இடமில்லாத குறைந்த கட்டணச் சீட்டுகளும் விற்கப்படுகின்றன. ஏழு கிலோ கைப்பையோடு செல்பவருக்கு அது இலாபம். நூல்களோடு திரும்புபவருக்கு நட்டம். இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற நிறுவனங்கள் மாணவர்க்கெனத் தனிக் கட்டணம் வைத்துள்ளன. அதில் கூடுதல் எடைக்கும் இடமுண்டு. ஆயினும் முன்பதிவின்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு நிலையத்திற்கு நள்ளிரவில் வாடகை வண்டியில் செல்ல நேர்ந்தால், அதிகாலை விமானத்தில் மிச்சப்படுத்திய பணம் சாலையிலேயே போய்விடும். வாயு வஜ்ரா பேருந்து ஓடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுபவரே உண்மையில் சேமிக்கிறார்.

மாணவர் பலர் கோராமலே விட்டுவிடும் தொகை ஒன்றும் உண்டு. பயணம் இரத்தானாலும், விமானத்தைத் தவறவிட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. அடிப்படைக் கட்டணம் திரும்பாத சலுகைச் சீட்டுக்கும் இது பொருந்தும். இரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் போகவும் கூடாது.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்றும் பயனில்லாத இடம் ஒன்று உண்டு. அதுவே பேசப்பட வேண்டியது. மலிவுச் சீட்டின் முதல் நிபந்தனை முன்கூட்டியே வாங்குவது. 2022 ஜூனில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, அரசு ஊழியர் தம் அலுவல் பயணத்திற்கு 21 நாள் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியதும் இதனால்தான். ஆனால் கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் தாமதமாக வருகிறது. துறையின் ஒப்புதல் அதற்குப் பின்னர் வருகிறது. உதவித்தொகையோ சில மாதங்கள் வராமலும் இருக்கிறது. பணம் கைக்கு வரும் நாளில் சீட்டின் விலை ஏறிவிட்டிருக்கும். அதையும் மாணவர் தம் கையிலிருந்து அல்லது கடன் வாங்கிச் செலுத்திவிட்டு, போர்டிங் பாஸை இணைத்து விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே கருத்தரங்கிற்குச் செல்லும் இருவருள், வீட்டில் பணமுள்ளவர் முன்பே வாங்கிக் குறைவாகச் செலவிடுகிறார். இல்லாதவர் இறுதியில் வாங்கி மிகுதியாகச் செலவிடுகிறார், அல்லது போகாமலே இருந்துவிடுகிறார்.

சிக்கனம் தெரியாதவர் என்று அவரைக் குறை கூறுவது எளிது. குறை அவரிடம் இல்லை. இதைத் தீர்க்கப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை. கருத்தரங்கு நடத்துவோர் முடிவை ஆறு வாரங்களுக்கு முன்பே அறிவிக்கலாம். துறைகள் செலவைத் திருப்பித் தருவதற்கு மாறாக முன்பணம் தரலாம், அல்லது தாமே சீட்டு வாங்கித் தரலாம். அவ்வாறு செய்தால் நிறுவனத்தின் செலவும் குறையும். அதுவரை, மலிவு விமானம் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று வாயிலைத் திறந்து வைத்திருந்தாலும், அவ்வாயிலை நேரத்தில் சென்றடைபவர் ஏற்கெனவே வசதி உள்ளவராகவே இருப்பார்.