அரைச் சுற்று எங்கிருந்து வந்தது?

1999இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் டோனி ஹாக் என்ற வீரர், ஸ்கேட்போர்டோடு அந்தரத்தில் 900 பாகை சுழன்று இறங்கினார். பலமுறை விழுந்த பிறகே அது கைகூடியது. 900 என்றால் இரண்டரைச் சுற்று. கணக்கு ஆசிரியர் இங்கே வகுப்பைப் பார்த்துக் கேட்கலாம்: இரண்டோ மூன்றோ முழுச்சுற்றாக இல்லாமல், அதென்ன அரை?

செங்குத்தான சரிவில் ஏறும்போது பலகையின் முனை வானத்தைப் பார்த்திருக்கும். அதே முனை முன்னே வர இறங்க வேண்டுமென்றால் உச்சியில் அரைவட்டம் திரும்பியாக வேண்டும். அதன்மேல் முழுச்சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளலாம்: 540, 900. மாறாக 360, 720 என்று சுழன்றால் பின்பக்கமாகத்தான் இறங்க நேரும். 180இன் ஒற்றைப்படை மடங்கா, இரட்டைப்படை மடங்கா என்பதுதான் விஷயம். நம் பிள்ளைகளின் கோணமானியோ 180ஓடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிய கோணம் எதற்கென்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

கைகளை உடலோடு ஒடுக்கினால் சுழற்சி ஏன் வேகமெடுக்கிறது என்பது இயற்பியல். வரலாறு இன்னும் சுவாரஸ்யம். 1976-77இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல்குளங்கள் வற்றிக் கிடந்தன. அவற்றின் வளைந்த சுவர்களில் ஏறிப் பழகிய பையன்களால்தான் ஸ்கேட்போர்டிங்கின் போக்கே மாறியது. ஆனால் பழைய களிமண் சக்கரங்களோடு அங்கே ஏறியிருந்தால் வழுக்கியிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு சந்தைக்கு வந்த யூரித்தேன் சக்கரங்களின் பிடிப்புதான் கைகொடுத்தது. வானிலையும் வேதியியலும் சேர்ந்து வளர்த்த விளையாட்டு என்று சொன்னால் மிகையில்லை.

பலகையில் ஏறிவிட்டாலே கணக்கு வந்துவிடுமா? வராது. உடம்பு கண்டுகொண்டதைக் கேள்வியாக்க ஒருவர் வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் 2015இல் ஜெர்மானியரான உல்ரிகே ரைன்ஹார்ட் அமைத்த சறுக்குத்தளத்துக்கு இரண்டு விதிகள். பள்ளிக்குப் போகாவிட்டால் பலகை இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். இரண்டாவதை நான் மனமார ஏற்கிறேன். யாருக்கு எது முதலில் கிடைக்கிறது என்பதைவிடப் பெரிய சமூகவியல் பாடம் உண்டா? முதல் விதியின் பயனையும் மறுக்கவில்லை. ஆனால் அது பலகையைப் பாடத்துக்கு வெளியே, பரிசாக நிறுத்திவிடுகிறது.

பலகை பாடத்துக்குள்ளேயே வர வேண்டும் என்கிறேன். அதற்கான கான்கிரீட் தளம் எந்த அரசுப் பள்ளிக்குக் கட்டுப்படியாகும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சமதளத் தரை, இரண்டு பலகைகள், தலைக்கவசம், ஒரு சாய்தளம் போதும். அதன் உயரத்தை மாற்றினால் பலகை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பிள்ளைகளே டேப் பிடித்து அளக்கட்டும். வரைபடத்தாள்தான் ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறதே.